நாற்பதில் நிற்காத முள்

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டியது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பயப்படும்படி ஒன்றுமில்லை, இப்போது வீட்டில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்று சொல்கிறார். நான் சொல்ல வந்தது வேறு. முதல் நாள் ஒரு நர்ஸ் பெண் வந்து, நாடி பிடிக்கிற இடத்தில் ஊசியை இறக்கிக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். நான் பிளாஸ்க் காபியை ஊற்றி ஆற்றிக் குடிப்பதற்குள் பஸ் டிக்கெட் அகலத்தில் ஒரு சீட்டோடு திரும்பிவிட்டாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ரத்தத்தின் அமிலத்தன்மை 7.40 என்று அடித்திருந்தது.

"இது மூச்சை இழுக்கும்போது எடுத்ததா, விடும்போது எடுத்ததா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னையும் என் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நார்மல்தான் பாட்டி. பயப்படாதீங்க."

"பயமில்லம்மா. நறுக்குத் தெறிச்ச மாதிரி நாப்பதுன்னு இருக்கே, அதான் கேட்டேன்."

"அம்மா, ஆரம்பிச்சுராத" என்று மகன் பல்லைக் கடித்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குச் சந்தேகப் புத்தி. மருமகள் எனக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்வது, பரம்பரைச் சொத்து. என் அப்பா திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தும் திண்டுக்கல் பூட்டை நம்பாதவர். பூட்டிவிட்டு மூன்று தடவை தொங்கிப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் தொங்குவார். அம்மா, நிலக்கோட்டையிலிருந்து வருகிற பூக்காரி முழம் போட்டுக் கொடுத்த மல்லிகையைத் தன் கையால் மறுபடி முழம் போடுவாள். அதிலும் சந்தேகம் வந்து என் கையை நீட்டச் சொல்வாள். இந்த வீட்டிலிருந்து மதுரைக்குப் போய் வேதியியலில் பட்டம் வாங்கி வந்த எனக்கு, எதையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் கொடுக்கிற மாதிரி ஒரு வேலை கிடைத்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அடித்த ஸ்பிரிட் வாசனைதான் அதை இழுத்துக்கொண்டு வந்தது. எனக்கு ஸ்பிரிட் என்றால் கூடவே ஆட்டுப் புழுக்கை வாசனையும், சுண்ணாம்பில் ஊறுகிற தோல் நாற்றமும், ஆவாரம்பட்டை நெடியும் சேர்ந்து வர வேண்டும். வெறும் ஸ்பிரிட் மட்டும் அடித்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

அறுபதுகளின் கடைசி. பேகம்பூரில் ஒரு ராவுத்தருடைய பழைய தோல் கிட்டங்கி இருந்தது. அதன் முன்பாதியை வாடகைக்குப் பிடித்து ஒரு டாக்டர் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. சீமையில் போய் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டு வந்தவர். கையோடு ஒரு சிகரெட் பெட்டி அளவுப் பெட்டியில், பஞ்சுக்குள் பொதிந்து, ஒரு எலக்ட்ரோடும் கொண்டுவந்திருந்தார். அதை வைத்து ஆட்டின் ரத்தத்தை அளக்க வேண்டும். "அளக்க ஆடு வேணும், ஆட்டுக்கு அய்யலூர் சந்தை வேணும், அதனாலதான் திண்டுக்கல்" என்பார்.

அந்த எலக்ட்ரோடின் மகத்துவத்தை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நிற்காது. அதுவரைக்கும் ரத்தம் எவ்வளவு புளித்திருக்கிறது என்று பார்க்க, ஊசியில் உறிஞ்சி எடுத்துவந்து, ஒரு கண்ணாடிக் குமிழ் மேல் விட்டு, மீட்டர் முள் ஓரிடத்தில் நிற்கிறவரை காத்திருக்க வேண்டும். தடித்த கண்ணாடி, சோம்பேறி முள். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம்கூட ஆகும். டாக்டர் கொண்டுவந்ததன் குமிழ் ஒரு கேழ்வரகு மணி அளவு, கண்ணாடி வெங்காயத் தோல் மாதிரி. ஆட்டின் கழுத்தை மரத்துப்போகச் செய்து, சின்னதாகக் கீறி, ஓடுகிற ரத்தத்துக்குள்ளேயே அதைச் செருகிவிடலாம். இமை கொட்டுகிற நேரத்தில் முள் சொல்லிவிடும். ஆடு படுத்திருக்கிற நேரம் முழுக்க, விடாமல், ரத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். முடிந்ததும் எடுத்துவிட்டுத் தையல் போட்டு விட்டால் ஆடு எழுந்து அகத்திக்கீரை தின்னப் போய்விடும்.

முள்ளைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. கண்ணாடி வழியாக வருகிற மின்சாரம் அவ்வளவு மெலிசானது, ஈரம் பட்டால் கசிந்துவிடும், பக்கத்தில் ஃபேன் ஓடினால் கெட்டுவிடும் என்று மீட்டரைச் சுற்றிக் கம்பிவலையில் ஒரு கூண்டு செய்து வைத்திருந்தார். கோழிக்கூடேதான். நான் ஓரமாக ஸ்டூல் போட்டு, கூண்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரம் ஐந்து தடவை டிக்கென்றால் ஒரு எண் என்று எழுதிக்கொண்டிருப்பேன். முள் எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டர் நாலடி தள்ளி, ஆட்டின் கழுத்தில் குழாய் நகராமல் இரண்டு விரலால் பிடித்தபடி நின்றிருப்பார். அந்தப் பிடியை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார், யாரையும் நம்ப மாட்டார்.

ஊர் எங்களை நம்பவில்லை. ஆட்டு ரத்தத்தை உறிஞ்சிக் கொடைக்கானல் துரைமார்களுக்கு ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு. மதம் மாற்றுகிற மருந்து காய்ச்சுகிறார்கள் என்று இன்னொன்று. கிட்டங்கிச் சொந்தக்கார ராவுத்தர் வாரத்துக்கு ஒரு தடவை வாசலில் வந்து நிற்பார். "ஏம்மா, கழுத்துல தையல் போட்ட ஆட்டை எல்லாம் என்ன செய்றீங்க? அறுக்குறவன் தலையில கட்டிராதீங்க. ஹலாலா ஹராமான்னு நாளைக்கு என்னையத்தான் கேப்பாக" என்பார். அப்பா தினமும் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு எதிர் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே யார் யார் போகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் வேலைக்குப் போவார்.

இத்தனை சந்தேகத்துக்கு நடுவில் யாரையும் சந்தேகப்படாத ஒரே ஆள் மூக்கையா. அய்யலூர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். சந்தையில் ஆடு பிடித்துவருவது, கொட்டிலில் வைத்துப் பார்த்துக்கொள்வது, அளக்கும்போது ஆட்டைக் கட்டிப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர்தான். வலது கையால் நாலு காலையும் சேர்த்துப் பிடிப்பார். இடது கையை விலாவில் வைத்து, "ஒண்ணுமில்லப்பு, செத்த நேரம், செத்த நேரம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஆடு கேட்டுக்கொண்டு படுத்திருக்கும். நான் அண்ணே என்பேன், அவர் தாயி என்பார்.

முதல் நாளிலிருந்தே முள் ஆடியது.

அதிகமில்லை. 7.39, 7.41, 7.40, 7.38, மறுபடி 7.41 என்று புள்ளிக்கு அப்புறம் இரண்டாவது இலக்கத்தில் ஒரு சலசலப்பு. நான் கண்டதை எழுதினேன். டாக்டர் நடுவில் கொஞ்சம் ரத்தத்தை ஊசியில் எடுத்து, பழைய சோம்பேறி எலக்ட்ரோடில் விட்டுப் பார்ப்பார். அது ஒவ்வொரு தடவையும் 7.40 என்று சொல்லும். அதையும் என் நோட்டையும் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்குவார்.

"இது என்னம்மா, கோலம் போட்டிருக்க?"

"முள்ளு ஆடுது டாக்டர்."

"முள்ளு ஆடுதா, உன் கண்ணு ஆடுதா? உடம்பு ரத்தத்தை இரும்புப் பிடியா நாப்பதுல வச்சிருக்கும். ஆடுன்னாலும் அப்படித்தான், ஆளுன்னாலும் அப்படித்தான்."

ஒரே ஒரு தடவை குழாயை விட்டுவிட்டு வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். முள் லேசாக அசைந்தது. "உன் முழங்கால் மேஜையில படுது" என்றார். நான் முழங்காலை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டேன். மேஜைக் காலுக்கு அடியில் சாக்கு வைத்தோம். தெருவில் தோல் ஏற்றிய மாட்டுவண்டி போகும்போது அளப்பதை நிறுத்தினோம். முள் அது பாட்டுக்கு ஆடியது.

பரீட்சைக்குப் படித்த காலத்திலிருந்து எனக்கு எதையும் முணுமுணுத்துக்கொண்டே செய்கிற பழக்கம். முள் போகிற போக்கில், எழுதுகிற எண் எழுதாத எண் எல்லாவற்றையும் "முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு" என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒருநாள் டாக்டர் கை கழுவப் போயிருந்தபோது மூக்கையா மெதுவாகக் கூப்பிட்டார்.

"தாயி, ஒண்ணு சொன்னா வைய மாட்டீகளே?"

"சொல்லுங்கண்ணே."

"நீங்க நாப்பத்தொண்ணுன்னு முனங்குறப்பல்லாம் இதோட விலா அமுங்குது. முப்பத்தொம்பதுன்னா உப்புது. அம்புட்டு தடவையும் பாத்துட்டேன். அது மூச்சுக்குத்தான் ஆடுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பட்டம் வாங்கிய கழுதை நான். "அண்ணே, ஆட்டை மட்டும் கெட்டியாப் புடிங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு "சரி தாயி" என்றார்.

மூன்றாவது மாதம் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. நோட்டில் அதுவரை நான் எழுதிய பக்கத்தையெல்லாம் கோடு போட்டு அடித்தார். அப்புறம் அதுவும் பத்தாமல் கிழித்தே எடுத்துவிட்டார். "ஒரு வாரம் தர்றேன். அதுக்குள்ள சரியா வரலைன்னா, நீ எழுதுனது எல்லாம் கைச்சரக்குன்னுதான் நான் எடுத்துக்குவேன். உங்கப்பா கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்" என்றார்.

கைச்சரக்கு. அந்தச் சொல் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்கிறது. மற்றவர்களைச் சந்தேகப்பட்டே வளர்ந்தவளுக்குத் தன்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலை போவதுகூடப் பெரிசில்லை. பொய் எழுதி மாட்டிக்கொண்டவள் என்று அப்பா காதில் விழுந்தால், நான் அப்பாவிடம் இனி எதைச் சொன்னாலும் பூட்டைத் தொங்கிப் பார்க்கிற மாதிரி மூன்று தடவை தொங்கிப் பார்ப்பார். அதை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எப்படியாவது குற்றவாளியைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் குற்றவாளி நான். கண் மூக்கையா மேல் போய் விழுந்தது. அவர் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு உறுத்தல் இருந்தது. நாளைக்கு நாலாம் நம்பர் ஆடு என்று சாயங்காலம் எழுதி வைத்துவிட்டுப் போவேன். காலையில் மேஜைமேல் ஆறாம் நம்பர் படுத்திருக்கும். கேட்டால் "நாலுக்குக் கழிச்சல் தாயி" என்பார். கொட்டிலில் போய்ப் பார்த்தால் நாலு ஜம்மென்று தின்றுகொண்டு நிற்கும். இந்த மனிதர் ஆட்டுக்கு எதையோ கொடுக்கிறார், அதுதான் ரத்தத்தைக் கலக்குகிறது என்று தீர்மானித்துவிட்டேன். சந்தேகம் என்பது பொங்கிவருகிற பால் மாதிரி, அடுப்பை அணைக்கிறதுக்குள் வழிந்துவிடும்.

மறுநாள் டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், கொட்டில் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நின்றேன். மூக்கையா நாலாம் நம்பரை அவிழ்த்து நடுவில் நிறுத்தினார். கையில் ஒரு சின்னப் பித்தளைச் செம்பு, அதில் மஞ்சள் தண்ணீர், ஒரு கொத்து வேப்பிலை. தலையிலிருந்து வால்வரை தண்ணீரைத் தெளித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். ஆடு சும்மா நின்றது. மறுபடி தெளித்தார். அசையவில்லை. "என்னப்பு, மனசில்லையா? சரி, போ" என்று அதைக் கட்டிவிட்டு ஆறாம் நம்பரைக் கொண்டுவந்தார். அது தண்ணீர் பட்டதுமே காதிலிருந்து வால்வரை சிலுப்பியது. "உத்தரவு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மேஜைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சாமிக்குக் கிடா வெட்டுகிறபோது, தண்ணீர் தெளித்து அது சிலுப்பினால்தான் கத்தியை எடுப்பார்கள். சிலுப்பாத கிடாவை வெட்ட மாட்டார்கள். இங்கே யாரும் வெட்டவில்லை. ஆனாலும் கழுத்தில் கத்தி படுகிறது. மூக்கையா மூன்று மாதமாக ஒவ்வொரு ஆட்டிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. எலக்ட்ரோடு கம்பி எங்கே படுமோ அங்கே, ஆட்டின் கழுத்து முடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஈரம்! டாக்டர் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் கத்திய கத்தலில் ராவுத்தரே பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். மூக்கையாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உத்தரவு குடுக்காத ஆட்டை எப்புடிங்கய்யா புடிக்கிறது? கீறுறது நீங்க. காலைப் புடிக்கிறது நானுல்ல."

"மூணு மாசமா என் மெஷினைக் கெடுத்தது நீதானா?"

"முள்ளு தண்ணிக்கு ஆடலைங்கய்யா. மூச்சுக்கு ஆடுது." என் பக்கம் திரும்பினார். "தாயி, நான் அன்னைக்கே சொன்னேன்ல? நீங்க சொல்லுங்க."

நான் கூண்டைப் பார்த்தபடி நின்றேன். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். செம்பை மட்டும் டாக்டர் பிடுங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார், ஏதோ கொலை செய்த ஆயுதம் மாதிரி.

அடுத்த நாள் தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து ஒரு ஆள் வந்து ஆட்டைப் பிடித்தார். கழுத்து முடியை மழித்து, துடைத்து, கூண்டுக்குள் பல்பு போட்டுக் காய்ச்சி, எலும்பு மாதிரி உலர்த்தியாகிவிட்டது. டாக்டர் குழாயைச் செருகிக்கொண்டே சிரித்தார். "தண்ணியும் போச்சு, ஆளும் போயாச்சு. இனி முள்ளு ஆடுனா மிச்சம் நீ ஒருத்திதான்." வாய்தான் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

நான் தலையை உள்ளே விட்டேன். முள் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆடு கத்த ஆரம்பித்தது. புது ஆளுக்கு "செத்த நேரம்" சொல்லத் தெரியவில்லை, வாயையும் மூக்கையும் சேர்த்து ஒரே பொத்தாகப் பொத்திவிட்டார். முள் சட்டென்று ஆட்டத்தை நிறுத்தியது. பிறகு ஒரே சீராக, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, முப்பத்தேழு என்று புளிப்புப் பக்கமாகச் சறுக்கியது. "யோவ், கையை எடுய்யா!" என்றார் டாக்டர். கையை எடுத்ததும் ஆடு புஸ் புஸ்ஸென்று பெரிசாக மூச்சு வாங்கியது. முள் அதே மாதிரி பெரிசு பெரிசாக ஆடியது, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு இழை பிந்தி.

மூச்சை அடக்கினால் கரியமில வாயு சேர்ந்து ரத்தம் புளிக்கும், விட்டால் புளிப்பு இறங்கும் என்பது நான் பாடத்தில் படித்ததுதான். அது ஒவ்வொரு மூச்சுக்கும் நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை, சோம்பேறி முள் எப்படிக் காட்டும்? ஐந்து டிக்குக்கு ஒரு எண் எழுதியதால்தான் என் நோட்டில் தாறுமாறாக விழுந்திருக்கிறது. தாறுமாறே இல்லை. மூக்கையா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அவர் கை இருந்தது விலாவில், என் கண் இருந்தது முள்ளில். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைப் பார்த்திருக்கிறோம்.

"டாக்டர்!" என்றேன்.

"என்ன? ஆடுதா?"

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்தக் குரலில் பதில் ஏற்கெனவே இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. கைச்சரக்கு. அப்பா. அப்புறம், நேற்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இன்றைக்கு எப்படித் திறப்பது?

"இல்ல டாக்டர். நிக்குது" என்றேன்.

அன்றைக்கு முழுக்க 7.40 என்று எழுதினேன். 7.40, 7.40, 7.40. சந்தேகப் புத்தி சும்மா இருக்குமா? ஒரேயடியாக நாற்பது என்றால் யாருக்கும் உறுத்தும் என்று, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி அங்கங்கே ஒரு 7.41 வைத்தேன். நிஜத்தை எழுதினபோது பொய்க்காரி ஆனவள், அன்றைக்குத்தான் பொய் எழுதினேன். டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இப்பத்தான் நீ வேலை கத்துக்கிட்ட" என்று முதுகில் தட்டாத குறையாகச் சொன்னார். அப்பாவிடம் டீக்கடைக்கே போய், "உங்க பொண்ணு கெட்டிக்காரி" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அன்றைக்கு ஒரே தடவைதான் பூட்டைத் தொங்கிப் பார்த்தார்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கியது, தூக்கம்தான் வரவில்லை. ஒரு மாதம் தாங்கினேன். டாக்டர் ஊரில் இல்லாத ஒருநாள் அலமாரியிலிருந்து செம்பை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு, சந்தை நாளில் விடியக் கருக்கலில் அய்யலூருக்குப் பஸ் ஏறினேன். தனியாக விட்டுவிடுவாரா அப்பா? கூடவே வந்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். சந்தைக்குள் நுழைந்ததும் சட்டைப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டு, சுற்றிலும் இருந்த அத்தனை ஆட்டையும் ஆளையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றுவிட்டார்.

மூக்கையா யாருக்கோ தரகு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

"வாங்க தாயி! இம்புட்டுத் தொலைவு வந்திருக்கீக. ஆடுக எல்லாம் சொகமா? ஆறாம் நம்பருக்குத் தையல் பிரிச்சாச்சா?"

"எல்லாம் நல்லா இருக்குண்ணே." சொல்லிவிட வேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "அந்த முள்ளு... இன்னும் ஆடுதா தாயி?"

ஆடுது என்று ஒரு சொல். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்ப ஐயாகிட்டச் சொன்னீகளா? புளியமரத்தடியில் அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே. இப்ப ஆடல."

பக்கத்தில் நின்ற குட்டியின் விலாவை மூக்கையாவின் கை தன்போக்கில் தடவிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் தெளிச்ச தண்ணிதான் கெடுத்திருக்கு" என்றார். "என் கைக்கு மூச்சு மாதிரில்ல தெரிஞ்சுச்சு. நான் ஒரு மடையன், படிச்சவுக கிட்டப் போயி சொல்லிக்கிட்டு. ஐயா கிட்ட மாப்பு கேட்டேன்னு சொல்லுங்க தாயி."

செம்பை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அது உங்ககிட்டயே இருக்கட்டும். ஆளுக வேலையைக் கெடுத்தது, இனிமே எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குச் சுக்குக் காபி வாங்கிக் கொடுத்துதான் அனுப்பினார். திரும்புகிற பஸ்ஸில் அப்பா கேட்டார், "செம்பை ஏன் திருப்பிக் கொண்டுட்டு வர்ற?" என்று. நான் செம்பை முந்தானைக்குள் இழுத்துச் சுற்றிக்கொண்டேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவை அவர் சந்தேகம் சரியாக இருந்தது.

டாக்டர் மறு வருஷமே கூடத்தை மூடிக்கொண்டு வடக்கே எங்கோ போனார். ரத்தம் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்த நோட்டுகள் அவரோடு போயின. எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார், நேர்மையானவள் என்று ஒரு வரி அதில் உண்டு. அதை வைத்துத்தான் மதுரையில் வேலை வாங்கினேன், ஓய்வு பெறுகிறவரை அதே வேலை. பல வருஷம் கழித்து ஒரு பாடப்புத்தகத்தைப் புரட்டும்போது, ரத்தத்தின் அமிலம் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்குகிறது, வேகமான எலக்ட்ரோடு வைத்தால் தெரியும் என்று ஒரு சின்னப் பத்தி கண்ணில் பட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த வாரமே அய்யலூருக்குப் போனேன். மூக்கையாவா, எந்த மூக்கையா என்று கேட்டார்கள். அவர் வீட்டார் பிழைப்புக்கு எங்கோ போய்விட்டார்கள், அவர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது என்றார் ஒருவர்.

கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம், கீழே செல்போன் கடை. ஆவாரம்பட்டை நெடி அந்தத் தெருவில் இல்லை. வெங்காயத் தோல் கண்ணாடி எந்தக் குப்பையில் உடைந்ததோ. நான் நிஜத்தை எழுதிய பக்கமெல்லாம் அன்றைக்கே கிழிந்து போயின. செம்பு மட்டும் சாமி அலமாரியில் இருக்கிறது, அதில் நான் தண்ணீர் வைப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் மகன் டீ குடிக்கப் போன நேரத்தில் வீட்டுக்காரரின் விலாவில் கையை வைத்துப் பார்த்தேன். உப்பியது, அமுங்கியது. வாய் பழக்கதோஷத்தில் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது: முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. அவர் கண்ணைத் திறந்து, "என்ன எண்ணிக்கிட்டிருக்க?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

"ஆடுதுங்க" என்றேன். "அன்னைக்கும் ஆடுச்சு."